ரெட் சாக்ஸ், ஜிம்மி ஃபண்ட், ஆகஸ்ட் சைக்கிள் பயணம்: பணம் எப்படிக் கேட்பது?

கடற்காகம் | ஏப்ரல் 11, இரவு 11:05

எல்லோருக்கும் வணக்கம். பேஸ்பால் இழைகளைப் படிப்பதோடு சரி, நான் இங்கே அதிகம் எழுதியதில்லை. இன்று ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் நடக்கிற பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வெல்ஸ்லியில் கிளம்பி போர்ன் வரை போகும் வழி. சைக்கிள் ஓட்டுவதில் எனக்குப் பயம் இல்லை. ஓட்டுகிற ஒவ்வொருவரும் பல ஆயிரம் டாலர் திரட்டித் தர வேண்டும், குறைந்தால் மீதி நம் கார்டிலிருந்து போகும். அந்தப் பணம் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. அதற்காக எனக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்திருக்கிறார்கள். 'நீங்கள் ஏன் ஓட்டுகிறீர்கள்' என்று ஒரு பெட்டி, அதற்குக் கீழே படம் போட ஓர் இடம். இரண்டு வாரமாக அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓட்டுவது என் மனைவிக்காக. 2021-ல் அவளுக்கு லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏற்றும்போது கூட ஆள் இருக்கக்கூடாது என்று சொன்ன காலம் அது. அவளை வாசலில் இறக்கிவிட்டு நான் கார் நிறுத்துமிடத்தில் காத்திருப்பேன். கீழ்த்தளங்களில் ரேடியோ எடுக்காது என்பதால் மொட்டைமாடித் தளத்துக்குக் காரை ஏற்றி, ஜோ காஸ்டிலியோனே வர்ணனையில் எங்கள் பாஸ்டன் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸின் பகல் ஆட்டத்தைக் கேட்பேன். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் ஸ்கோரை அவளுக்கு அனுப்புவேன். அதுவரை பேஸ்பால் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சிகிச்சையின் மூன்றாவது சுழற்சி வரும்போது, பந்து வீசுகிறவரைப் பற்றி, 'ஏன் பிட்ச்சரை மாற்றவில்லை?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அநேகமாகத் தினமும் சாயங்காலம் ஏதோ ஒன்று இருக்கும். எங்களுக்கு அப்போது அது எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வருடம் டிவியில் ஜெர்ரி ரெமி வர்ணனை. பழைய ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர். 2008-லிருந்து நுரையீரல் புற்றுநோய் அவரை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் மறுபடி சிகிச்சைக்காக வர்ணனையை விட்டுப் போனார். அக்டோபர் 5-ம் தேதி, நியூயார்க் யாங்கீஸ் அணியோடு வாழ்வா சாவா ஆட்டம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வந்து, ஆட்டத்துக்கு முன் மரியாதைக்காக எறிகிற முதல் பந்தை எறிந்தார். அந்த மாதக் கடைசியில் இறந்துவிட்டார். அன்றைக்கு என் மனைவி எங்கள் சொந்தக்காரர் ஒருவர் போனதுபோல் அழுதாள்.

இதையெல்லாம் எழுதினால் பணம் சேரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள், 'என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, படமும் வேண்டாம்' என்கிறாள். காரணமும் இருக்கிறது. அவள் முடி கொட்டியிருந்தபோது எடுத்த படம் ஒன்று எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் வாட்ஸப்பில் சுற்றியது. நல்ல காரியத்துக்குத்தான், வேறு ஒருவர் சிகிச்சைக்காக நிதி திரட்டினார்கள். ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அவளைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன்.

ஃபென்வே பித்தன் | ஏப்ரல் 12, காலை 7:20

நண்பரே, முதலில் வீட்டம்மாவின் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான்கு வருடம் ஆகப்போகிறது என்பதே பெரிய நிம்மதி.

நீங்கள் திரட்டப்போகும் பணத்தின் கதையே உங்கள் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. தெரிந்திருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

1948 மே 22, சனிக்கிழமை இரவு. பாஸ்டனில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் 12 வயதுப் பையன். வயிற்றில் லிம்போமா. வடக்கு மேய்ன் மாநிலத்தில் நியூ ஸ்வீடன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தவன். ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்ற வானொலித் தொகுப்பாளர் கலிஃபோர்னியாவில் இருந்தபடி நேரலையில் அவனோடு பேசுகிறார். உனக்கு எந்த அணி பிடிக்கும் என்றால் பாஸ்டன் பிரேவ்ஸ் என்கிறான். கேட்ச்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கிறவர், யார் என்றால் ஃபில் மாஸி என்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபில் மாஸி அறைக்குள் வருகிறார். அப்புறம் ஜானி செய்ன், இன்னும் ஒவ்வொருவராக, கிட்டத்தட்ட முழு அணியும் கட்டிலைச் சுற்றி நிற்கிறது. மைதானத்தில் ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் பாடுவார்களே, அந்தப் பாட்டை அவர்களோடு சேர்ந்து சுருதி விலகிப் பாடினான் பையன். அதோடு நேரலை அவனை விட்டு நகர்ந்தது. அப்புறம்தான் எட்வர்ட்ஸ் நேயர்களிடம், ஆட்டம் பார்க்க இவனுக்கு ஒரு டிவி வாங்கித்தர 20,000 டாலர் சேர்ப்போம் என்றார். மிச்சமெல்லாம் குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. ஆட்கள் அன்றிரவே மருத்துவமனை வாசலுக்குக் காசோடு வந்தார்கள். கடைசியில் சேர்ந்தது 2,30,000 டாலருக்கு மேல்.

உங்களுக்கு வேண்டியது இதுதான். அவனை அவர்கள் 'ஜிம்மி' என்றே சொன்னார்கள். அது அவன் பெயர் இல்லை. அவன் யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. படமும் கிடையாது, வானொலிதானே. இன்று டானா-ஃபார்பருக்குப் பணம் திரட்டுகிற ஜிம்மி ஃபண்ட் பெயரும் முகமும் இல்லாமலே பிறந்தது.

அந்த வருடம் பிரேவ்ஸ் லீக் பட்டம் வென்று, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது. முதல் ஆட்டத்தில் ஜானி செய்ன் பந்து வீச, 1-0 என்று வெற்றி. அந்த ஒரே ரன்னை ஓடி எடுத்தவர் ஃபில் மாஸி! பையன் இதை எப்படிக் கேட்டிருப்பான் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். தொடரை க்ளீவ்லாண்ட் வென்றது, அது வேறு வருத்தம்.

தென்காசிக்காரன் | ஏப்ரல் 12, மாலை 6:48

பேஸ்பால் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோடிகளில் புரள்கிற அணிகள். ஓர் ஆட்டக்காரரின் ஒரு வருடச் சம்பளத்தில் ஆராய்ச்சிக்கூடமே கட்டலாம். அப்படியிருக்க ரசிகனிடம் ஏன் உண்டியல் குலுக்குகிறார்கள்?

இரண்டாவது, பொய்ப் பெயர் வைத்துக் காசு சேர்ப்பது சரியா? அந்தப் பையன் பிழைத்தானா இல்லையா? கொடுத்தவர்களுக்கு அதைக்கூடச் சொல்லவில்லை என்றால் என்ன நியாயம்?

ஃபென்வே பித்தன் | ஏப்ரல் 12, இரவு 9:15

பிழைத்தான்! அதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். 1940-களில் அந்த நோய்க்கு யாரும் நம்பிக்கை வைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்றே நினைத்தார்கள். 1998-ல், சரியாக 50 வருடம் கழித்து, அவருடைய சகோதரி எழுதிய கடிதம் வழியாக விஷயம் வெளியே வந்தது. ஐனார் குஸ்டாஃப்சன் என்பது உண்மைப் பெயர். லாரி ஓட்டிப் பிழைத்தார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் உண்டு. தெரியவந்த பிறகு மூன்று வருடம், நோயாளிக் குழந்தைகளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். 2001-ல் தன் 65-வது வயதில் பக்கவாதத்தில் போனார், புற்றுநோயில் இல்லை.

பணக்கார அணி பற்றி: நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் 1953-ல் பிரேவ்ஸ் பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்குப் போனபோது இந்த நிதி அநாதையாகியிருக்கும். ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் டாம் யாக்கி மைதானத்துக்குள் வேறு விளம்பரப் பலகை எதையும் விடாத காலத்திலும் ஜிம்மி ஃபண்ட் பலகை ஒன்று மட்டும் வலது பக்கம் தொங்கியது. 1967-ல் உலகத் தொடருக்குப் போன ஆட்டக்காரர்கள் தங்களுக்கு வந்த பணத்தில் ஓர் ஆட்டக்காரருக்குரிய முழுப் பங்கை ஜிம்மி ஃபண்டுக்கு ஒதுக்கினார்கள். அந்த அணியின் மைக் ஆண்ட்ரூஸ் ஓய்வுக்குப் பிறகு 25 வருடத்துக்கும் மேல் இந்த நிதியின் தலைவராகவே இருந்தார்.

உண்டியல் என்றீர்கள், நிஜமாகவே உண்டியல்தான். ஆரம்பித்தவர்களில் சினிமா தியேட்டர்க்காரர்கள் அதிகம். படம் போடுவதற்கு முன் தகர டப்பாவைக் கையோடு கை மாற்றுவார்கள். நியூ இங்கிலாந்தில் வளர்ந்த வயதானவர்களைக் கேளுங்கள், அந்த டப்பாவில் காசு போட்ட சத்தம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நெய்தல் | ஏப்ரல் 13, காலை 5:52

தூங்க முடியாத நேரத்தில் படித்தேன். நானும் சொல்கிறேன்.

என் மகனுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது கல்லூரிக்குப் போகிறான். அவனுடைய படத்தை நான் நிதிக்காகக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். நன்றிக்கடன் என்று நினைத்தேன். 15 வயதில் அவன் அதை இணையத்தில் பார்த்துவிட்டு, 'அம்மா, இதை என்னைக் கேட்காமல் கொடுத்திருக்கிறாய்' என்றான். கோபமாகக்கூட இல்லை. அதன் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

தென்காசி அண்ணா, பொய்ப் பெயர் ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் வீட்டுக்குப் போய், வளர்ந்து, லாரி ஓட்டி, யாராலும் பரிதாபமாகப் பார்க்கப்படாமல் 50 வருடம் வாழ்ந்தான். அந்தப் பெயர் அவனுக்கு அந்த வாழ்க்கையைக் கொடுத்தது. அவனாக விரும்பியபோது வெளியே வந்தான்.

டிம் வேக்ஃபீல்டை நினைத்துப் பாருங்கள். சுழலாமல் தள்ளாடிப் போகிற அந்த நக்கிள் பந்தை 17 சீசன் ரெட் சாக்ஸுக்காக வீசியவர். ஜிம்மி ஃபண்ட் குழந்தைகளுக்காக எவ்வளவோ செய்தார். 2010-ல் சமூகப் பணிக்கான ராபர்ட்டோ க்ளெமென்டே விருதும் அவருக்குக் கிடைத்தது. 2023-ல் அவருக்கே மூளையில் புற்றுநோய். குடும்பம் அதை வெளியே சொல்லவில்லை. ஒரு முன்னாள் சக ஆட்டக்காரர் அவர்கள் அனுமதி இல்லாமல் தன் நிகழ்ச்சியில் சொல்லிவிட்டார். சில நாட்களில், அக்டோபர் 1-ம் தேதி, வேக்ஃபீல்ட் இறந்தார். அடுத்த சில மாதங்களில் அவர் மனைவியும் புற்றுநோயால் போனார். அன்பில்தான் சொன்னேன் என்றால்கூட அது சொல்லக்கூடிய ஆள் அவர் இல்லை. அந்தக் கடைசி நாட்கள் அவர்களுடையவை.

கடற்காகம் அண்ணா, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். பணம் குறைந்தால் குறையட்டும்.

கடற்காகம் | ஏப்ரல் 13, காலை 10:30

நெய்தல், நீங்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'அந்தப் பையன் என்ன படிக்கிறான்?' என்று மட்டும் கேட்டாள்.

வேக்ஃபீல்டின் மகள் 2024-ல் சொந்த ஊர் முதல் ஆட்டத்தில் பந்து எறிந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். 2004-ல் பட்டம் வென்ற அணி அவரைச் சுற்றி நின்றது. அது அவராக வந்து நின்றது, அதனால்தான் பார்க்க முடிந்தது என்று இப்போது புரிகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவளுக்கு நடுவில் இரண்டு தடவை மூன்று நான்கு நாள் மருத்துவமனையிலேயே தங்கி ஒரு மருந்து ஏற்றினார்கள். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். நாங்கள் அதை 'மஞ்சள் மருந்து' என்றே சொல்வோம். அப்புறம் அந்த மருந்திலிருந்தே காப்பாற்ற இன்னொரு மருந்து கொடுத்தார்கள். மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அது என்ன கணக்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இங்கே மருந்தாளுநர் யாராவது இருக்கிறீர்களா?

மருந்துக்கடை | ஏப்ரல் 13, இரவு 8:40

இருக்கிறேன் தம்பி, நியூ ஜெர்சியிலிருந்து. அது மெத்தோட்ரெக்சேட். பின்னால் கொடுத்தது லூகோவோரின். உங்கள் கேள்விக்கான பதில் இந்த இழையின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செல் பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். கீரையில் இருக்கிற அதே சத்துதான். புற்றுச் செல் வேகமாகப் பெருகுவதால் அதற்குத் தேவை அதிகம். மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்டு உள்ளே போய் வேலையை முடக்கிவிடும். நல்ல செல்லும் பட்டினி கிடக்குமே? அதனால் குறிப்பிட்ட நேரம் கழித்து லூகோவோரினைக் கொடுத்து நல்ல செல்களைக் காப்பாற்றுவோம். மணிக்கணக்கு அதற்குத்தான்.

இதன் அக்கா மாதிரி ஒரு மருந்து முதலில் இருந்தது, அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூறு மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதலில் ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளையே கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் எடுத்தது. அப்படியானால் நேர் எதிரானதைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1947 கடைசியில் அமினோப்டெரின் கொடுத்தார். 1948 ஜூனில் வந்த அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது என்று எழுதினார். பின்வாங்கியது கொஞ்ச மாதத்துக்குத்தான், மறுபடி வந்தது. நெய்தல், இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்த முதல் குழந்தைகள் வாங்கிக்கொடுத்த மாதங்களில் இருந்துதான் இன்றைய நிலை வந்தது. இன்று குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை ரத்தப் புற்றுநோயில் 10-ல் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். உங்கள் மகன் அவர்களில் ஒருவன்.

அந்த அமினோப்டெரினை ஃபார்பருக்கு அனுப்பியது யார்? நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் எல்லாப்பிரகட சுப்பாராவ் குழு. பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர், படித்தது சென்னை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கொடுக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். 1923-ல் பாஸ்டன் வந்து, இரவு ஒரு மருத்துவமனையில் கூலி வேலை பார்த்து ஹார்வர்டில் படித்தார். அங்கேயும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி போனார். அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் இறந்தவர்கள். அந்த நோய்க்குக் கேட்கிற ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய ஆய்வுக்கூடம்தான்.

இப்போது பேஸ்பால்காரர்களுக்கு. ரெட் சாக்ஸ் விற்றுவிட்டு 2004 வரை பட்டம் இல்லாமல் ஏங்கியதாகச் சொல்வீர்களே, அந்த ஆட்டக்காரர் பேப் ரூத்! அவருக்கு மூக்குத் தொண்டையில் புற்றுநோய். 1947 ஜூன் கடைசியில் அவருக்கு டெரோப்டெரின் ஊசி போட ஆரம்பித்தார்கள். அதுவும் லெடர்லியில் பிறந்த மருந்துதான். சில மாதம் வலி குறைந்து எடைகூட ஏறியது. செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் அவருடைய நோயைப் பற்றிப் பேசினார்கள், பெயர் சொல்லாமல். அமெரிக்காவில் யாருக்கும் தெரிந்த முகம், அங்கே ஒரு பெயரில்லாத நோயாளி. 1948 ஆகஸ்ட் 16-ல் ரூத் இறந்தார். அதே ஆகஸ்டில், அதற்குச் சில நாள் முன்னால், சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார்.

தம்பி, உங்கள் பக்கத்தில் எழுத மனைவியின் கதை வேண்டுமா? அவள் நரம்பில் ஏறிய அந்த மஞ்சள் மருந்தின் கதை போதாதா?

தென்காசிக்காரன் | ஏப்ரல் 14, காலை 7:05

அக்கா, இரண்டு தடவை படித்துவிட்டேன். சென்னையில் நான்கு வருடம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன், அந்தப் பள்ளி வழியாகத் தினமும் நடந்திருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் நடந்திருக்கிறேன்.

என் இரண்டாவது சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன். நெய்தல் தங்கச்சி சொன்னது சரி. முதல் சந்தேகம் இன்னும் இருக்கிறது. சைக்கிள் ஓட்டித் திரட்டுகிற பணத்தில் விளம்பரச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று பாதி போய்விடாதா?

ஃபென்வே பித்தன் | ஏப்ரல் 14, மதியம் 12:40

இதற்குப் பதில் இருக்கிறது. 1980-ல் பில்லி ஸ்டார் என்பவர், புற்றுநோயில் அம்மாவைப் பறிகொடுத்தவர், 36 பேரோடு இதை ஆரம்பித்தார். முதல் வருடம் 10,200 டாலர். இப்போது ஓட்டுகிறவர்கள் திரட்டுவதில் 100 சதவீதமும் டானா-ஃபார்பருக்குப் போகிறது. நடத்துகிற செலவைப் பதிவுக் கட்டணமும் ரெட் சாக்ஸ் அறக்கட்டளை போன்ற ஆதரவாளர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். 2024-ல் மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டியது. பணக்கார அணி என்ன செய்கிறது என்றால், இந்த வேலையையும் செய்கிறது. போதுமா என்று கேட்டால், போதாதுதான்.

ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. 1941-ல் .406 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட் என்ற கணக்கு) அடித்தவர். அதற்குப் பிறகு ஒரு சீசன் முழுக்க .400-ஐ யாரும் தொடவில்லை. பத்திரிகைக்காரர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை. அவர் ஜிம்மி ஃபண்ட் குழந்தைகளைப் பார்க்கப் போவார், மணிக்கணக்கில் கட்டில் பக்கத்தில் உட்காருவார். ஒரே நிபந்தனை, நிருபர்கள் வரக்கூடாது. அவருடைய தம்பி 1960-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அதே வருடம்தான் வில்லியம்ஸின் கடைசி ஆட்டம். கடைசி முறை மட்டையோடு நின்றபோது ஹோம் ரன் அடித்துவிட்டு, கூட்டம் எவ்வளவு கத்தியும் தொப்பியைத் தூக்காமல் உள்ளே போனார்.

இதற்கு நேர் எதிராக, ரெட் சாக்ஸ் பிட்ச்சர் ஜான் லெஸ்டர் தன் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2006-ல் 22 வயதில் லிம்போமா. 2007 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் வென்ற பிட்ச்சர் அவர். 2008 மே 19-ல் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். அந்த வருடம் ரெட் சாக்ஸின் கீழ்நிலை அணியில் இருந்த ஆந்தனி ரிஸ்ஸோ என்ற 18 வயதுப் பையனுக்கும் லிம்போமா வந்தது. லெஸ்டர் அவனோடு உட்கார்ந்து பேசினார். எட்டு வருடம் கழித்து சிகாகோ கப்ஸ் 108 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடரை வென்றபோது இருவரும் ஒரே அணி. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், அதனால் யாருக்கோ தைரியம் வரும். அவர்களாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கடற்காகம் | ஏப்ரல் 20, மாலை 5:30

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பக்கத்தை எழுதிவிட்டேன். அவள் படித்து ஒரு வரி சேர்த்தாள், இரண்டு வரி அடித்தாள். நீங்களும் பாருங்கள், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

"1948-ல் பாஸ்டனில் இருந்து ஒரு பையன் வானொலியில் பேசினான். அவன் உண்மைப் பெயர் 50 வருடம் யாருக்கும் தெரியாது. அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் மக்கள் காசு கொடுத்தார்கள். அதே நாட்களில், அதே ஊரில் ஒரு மருத்துவர், சென்னையில் படித்த ஒருவரின் ஆய்வுக்கூடம் அனுப்பிய மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் தங்கை மருந்து மஞ்சளாக இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு அது ஏறியது. அவர் நன்றாக இருக்கிறார், ரெட் சாக்ஸ் ஏன் பிட்ச்சரை மாற்றவில்லை என்று தினமும் கேட்கிறார். ஆகஸ்டில் நான் சைக்கிள் ஓட்டுகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்."

பிட்ச்சர் வரி அவள் போட்டது. படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கார் நிறுத்துமிடத்து மொட்டைமாடியை எடுத்துப் போட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை இருவரும் போய்த்தான் எடுத்தோம். அங்கே ரேடியோ இன்னும் நன்றாக எடுக்கிறது.

நெய்தல் | ஏப்ரல் 20, இரவு 7:02

ஒன்றையும் மாற்றாதீர்கள். பக்கத்தின் முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். அக்காவிடம் சொல்லுங்கள், என் மகன் உயிர்வேதியியல் படிக்கிறான்.

தென்காசிக்காரன் | ஏப்ரல் 20, இரவு 7:30

எனக்கும் அனுப்புங்கள். இந்தியாவிலிருந்து கார்டு எடுத்துக்கொள்ளுமா என்று பார்க்கிறேன். அப்புறம், பிட்ச்சரை எப்போது மாற்ற வேண்டும் என்று யாராவது எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.